உல்டா என்று நான் சொன்னது

தேஹு ரோடு என்கிற ஊரில் எங்கள் குடியிருப்புக்குள் போகும் சந்து, புனேயிலிருந்து வரும்போது நெடுஞ்சாலைக்கு வலப்புறம் இருக்கிறது. சந்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய், யூ-டர்ன் எடுத்து, அதே தூரம் திரும்பி வர வேண்டும். யாரும் அப்படி வருவதில்லை. சந்துக்கு நூறு அடி முன்னாலேயே டிவைடரை யாரோ உடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் நுழைந்து, எதிரே வரும் லாரிகளுக்கு ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டே நூறு அடி ஓட்டினால் வீடு வந்துவிடும்.

என் மகள் ஒருநாளும் அந்த வழியில் வந்ததில்லை. விமான் நகரில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு, போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் காரோட்டி வருவாள். அப்படி வந்தும் அந்த யூ-டர்னுக்குப் போய்த்தான் திரும்புவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் நான் முனகுவேன்.

"எல்லாரும் போறாங்கல்ல அம்மிணி. நீ மட்டும் எதுக்கு ஊரைச் சுத்தறே?"

"ராங் சைட்ல போக மாட்டேன்மா."

"நூறடிதான?"

"நூறடியில சாக முடியாதா?"

இப்படி ஒருத்தியைத்தான், தவறான பாதையில் வண்டி ஓட்டி வந்தவள் என்று ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்தின் கடைசியில் இருந்தது என் கையெழுத்து.

அன்று நாங்கள் ரஞ்சன்காவ் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். மகளுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. வேண்டுதல் அவளுடையது அல்ல, என்னுடையது. கணவருக்கு ராணுவக் கிடங்கில் வேலை. அன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மதியம் இரண்டரை மணிக்குப் புனே நோக்கித் திரும்பினோம். ஓரிடத்தில் எங்கள் பக்கத்துச் சாலையைத் தோண்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்த, நகர் என்ற ஊருக்குப் போகிற சாலையையே நடுவில் டிரம்கள் வைத்து இரண்டாகப் பிரித்து, போகிற வண்டியும் வருகிற வண்டியும் அதிலேயே போகும்படி விட்டிருந்தார்கள். மகள் வேகத்தைக் குறைத்தாள். எங்களுக்கு இடப்புறம் மண்மேடு, வலப்புறம் டிரம்கள்.

எதிரே ஒரு கம்பெனி பஸ் வந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு டெம்போ வெளியே வந்தது. பஸ்ஸை முந்துவதற்காக இரண்டு டிரம்களை இடித்துத் தள்ளிக்கொண்டு எங்கள் பாதிக்குள் வந்தது. நான் வலது காலால் தரையை அழுத்தினேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் பக்கத்தில் பிரேக்கும் கிடையாது. ஆனாலும் அழுத்தினேன்.

எனக்குப் புருவத்தின் மேல் நான்கு தையல், தோளில் பெல்ட்டின் தடம். மகளுக்கு வலது தொடை எலும்பும் கணுக்காலும் உடைந்தன. தலையில் அடிபட்டதால் டிரம்கள் கண்ணில் பட்டதுவரைதான் அவளுக்கு நினைவு. பஸ் நிற்காமல் போய்விட்டது. கதவை நெம்பி என் மகளை வெளியே தூக்கியது அந்த டெம்போ ஓட்டுநர்தான். அழுதுகொண்டே தூக்கினார். அதையும் எழுதத்தான் வேண்டும். அதற்குப் பிறகு எந்த விசாரணைக்கும் அவர் வரவில்லை என்பதையும்.

ஆக, நடந்ததைப் பார்த்துச் சொல்ல மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

மகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு ஒரு போலீஸ் ஹவில்தார் வந்தார். என் வயதுதான் இருக்கும். முதலில் எனக்கு ஒரு கப் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டெம்போ எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று கேட்டார். நகர் பக்கம் என்றேன். நீங்கள்?

நாங்கள் எதிர்ப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். என் தலைக்குள் அது தமிழில்தான் இருந்தது. இருபத்தேழு வருடமாகப் புனேயில் இருந்தும் என் இந்தி காய்கறிக் கடைக்கும் கேஸ் சிலிண்டர்காரருக்கும் போதுமான இந்திதான். எதிர் என்பதற்கு இந்தியில் என்ன? கோயம்புத்தூரில் நாங்கள் சின்ன வயதிலிருந்தே சொல்கிற ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. 'நான் சொன்னதை அப்படியே உல்டா பண்ணிட்டான்' என்போம். உல்டா என்றால் எதிர்மாறு. அது இந்தி வார்த்தை என்பதும் எனக்குத் தெரியும். அது கைகொடுத்ததில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"ஹம் உல்டா சைட் ஸே ஆ ரஹே தே" என்றேன்.

ஹவில்தார் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உல்டா?"

"ஹாங். உல்டா."

எழுதிக்கொண்டார். டெம்போ பஸ்ஸை முந்தியதையும், டிரம்களை இடித்ததையும், மோதியதையும் சொன்னேன். டிரம்முக்கும் வார்த்தை தெரியாமல் கைகளை வட்டமாக வளைத்துக் காட்டினேன். அது காகிதத்தில் ஏறவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதி முடித்து மராத்தியில் படித்துக் காட்டினார். மகளின் பெயர் வந்த இடத்தில் ஆமாம் என்பதற்கு 'ஹோ' என்றேன். அபகாத் என்ற சொல் வந்த இடத்திலும் 'ஹோ' என்றேன். அது விபத்து என்று எனக்குத் தெரியும். தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

எஃப்.ஐ.ஆரின் நகலை அங்கேயே, காசில்லாமல் கேட்டு வாங்குவது புகார் கொடுத்தவரின் உரிமை. இது எனக்கு அன்று தெரியாது. இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, மகள் வாக்கரைப் பிடித்துக் குளியலறைவரை போகத் தொடங்கியிருந்தபோது, டெம்போவின் இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் ஒரு விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். என்னைத் தாயீ என்று அழைத்தார். மராத்தியில் அது அக்கா. இத்தனை வருடமாகியும் என் காதில் அது தாயாகத்தான் விழும். அவர் பேசியது இந்தி. தமிழில் எழுதுகிறேன்.

"உங்க மகளுக்கு நடந்தது ரொம்ப வருத்தமான விஷயம், தாயீ. நாங்களும் உதவத்தான் பார்க்கிறோம். ஆனா வண்டி கிடந்தது நகர் பக்கம் போற ரோட்டுல. நீங்க வந்ததோ புனே பக்கம். நீங்களே உங்க புகார்ல சொல்லியிருக்கீங்களே."

"என்ன சொல்லியிருக்கேன்?"

எஃப்.ஐ.ஆரை விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். விருத்த திசேனே. "எதிர்த் திசையில் வந்தோம்னு. கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா. எதிர்த் திசையிலதான் வந்தோம்" என்றேன். இன்னும் எனக்குப் புரியவில்லை.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா. சும்மா இரு. பேசாத."

வாக்கர் தரையில் தட்டிக்கொண்டே வந்தது. அவள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். மராத்தி தண்ணீராக வரும், தமிழ்தான் கல்லில் இடறும். காகிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போலீஸ்கிட்ட என்ன வேர்ட் சொன்ன?"

"உல்டா சைடுன்னு."

"உல்டா மத்லப் ராங் சைட்மா. இங்க யார்கிட்ட சொன்னாலும் ராங் சைட்தான். ரோட்ல போர்டே இருக்கு, விருத்த திசேனே ஓட்டாதேன்னு. நீ பார்த்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். தேஹு ரோட்டில், உடைந்த டிவைடருக்குப் பக்கத்திலேயே அந்தப் பலகை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவளை அந்த வழியில் போகச் சொல்லியிருக்கிறேன்.

அதிகாரி இந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். லோக் அதாலத்தில் சமரசமாகப் போகலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார். இரண்டு தரப்பிலும் சரிபாதி கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் போதும். சமரசத்தை மராத்தியில் தட்ஜோட் என்பார்கள். என் கணவர் அதுவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முதுகு சற்றுச் சாய்ந்ததைப் பார்த்தேன்.

"பாதின்னா எந்தப் பாதி?" என்று மகள் அதிகாரியிடம் மராத்தியில் கேட்டாள். எனக்குப் புரியட்டும் என்று தமிழிலும் கேட்டாள். "தொடை என்னோட தப்பு, ஆங்க்கில் அவங்க தப்பா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை. கணவர் சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர் அல்ல. அதனால் அவர் சொன்னது இன்னும் வலித்தது.

"இங்க பாரு. கோர்ட்டு கேசுன்னு எத்தனை வருசம் அலைவே? அவளுக்கு அடுத்த ஆபரேஷன் வேற இருக்குது. பாதி தப்புன்னு எழுதினா எழுதிட்டுப் போறாங்க. அந்தக் காயிதத்தை ஆரு எடுத்துப் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேனுங்க."

"நீ படிச்சு?"

"நான் சொன்ன வார்த்தைங்க அது. அவ செய்யாத தப்பை நான் அவ தலையில எழுதிட்டு வந்திருக்கேன். அழிக்காம விடமாட்டேன்."

மகள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்துவதற்கு அந்த வாக்கரோடு அரைவட்டம் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் முழுவதையும் நான் வெளியே நின்று கேட்டேன்.

வக்கீல் சிவாஜி நகர் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். மராத்திப் பெண்மணி, ஐம்பது வயது, பேசும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் தட்டுவார். நிறைய விஷயங்களை முதல் நாளே தெளிவாகச் சொன்னார். தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுவைப் போட ஆறு மாதம்தான் நேரம், அதற்குள் போட்டுவிடுவோம். லோக் அதாலத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால் அப்பீல் கிடையாது. அந்த அதிகாரி மறுபடி வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், டீயும் கொடுக்காதீர்கள்.

பிறகு கண்ணாடியைத் தட்டினார். "எல்லாம் சரி. ஆனா உங்க வண்டி நகர் பக்கத்து ரோட்டுல இருந்திருக்கு. டைவர்ஷன் இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?"

அந்த வாரமே கணவரோடு பஸ்ஸில் அந்த இடத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்துச் சாலை வழவழவென்று கிடந்தது. புதுத் தார், வெள்ளைக் கோடு. ஒரு டிரம்கூட இல்லை. ஓரத்தில் நின்றபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்ததைத்தான் பார்த்தேனா? லாரிகள் கடக்கும்போதெல்லாம் கணவர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அவர் சமரசம் கேட்டது சோம்பலால் அல்ல.

அதுவரை வக்கீலிடம் இருந்தது எஃப்.ஐ.ஆர் மட்டும்தான். பஞ்சநாமா வரவில்லை. விபத்து நடந்த இடத்தை இரண்டு சாட்சிகளோடு பார்த்துப் போலீஸ் எழுதுகிற மகஜருக்கு இங்கே அந்தப் பெயர். அதைக் கேட்டு ஒரு மனுவோடு காவல் நிலையத்துக்கு அலைந்தேன். முதல் தடவை எழுத்தர் விடுப்பில் இருந்தார். இரண்டாவது தடவை ஃபைல் வேறெங்கோ போயிருந்தது. மூன்றாவது தடவை, வக்கீல் வரட்டும், உங்களிடம் தர முடியாது என்றார்கள். என் மனுவில் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை மகளிடம் மராத்தியில் கேட்டு, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மனப்பாடம் செய்திருந்தேன். எழுத்தர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இந்தி எழுத்து தெரியும், மராத்திக்கும் அதேதான். கல்யாணமாகி வந்த புதிதில் பஸ் போர்டு பார்த்துக் கற்றது. கையெழுத்தில் எழுதியது என்றால் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதி வார்த்தைகள் புரியவில்லை. கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடத்தை அடிக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அது எதிலிருந்து எத்தனை அடி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், சாட்சிகளின் கையெழுத்துக்குச் சற்று மேலே, விரல் நின்றது.

காம் சாலூ.

புனேயில் இருக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தைகளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஊர் முழுக்க எந்தச் சாலையைத் தோண்டினாலும் மஞ்சள் பலகையில் எழுதி நட்டு வைத்திருப்பார்கள். வேலை நடக்கிறது. அதற்கு முன்னால் இருந்த வார்த்தைகளையும் கூட்டினேன். புனே பக்கத்துச் சாலை. பின்னால், பந்த். அடைப்பு.

வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் எடுத்ததும் எனக்கு எந்த மொழியும் வரவில்லை. "காம் சாலூ, மேடம். காம் சாலூ எழுதியிருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெஞ்சின் மறு முனையில் இருந்த ஒருவர், எந்த ரோட்டில் என்று அக்கறையாக விசாரித்தார்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு வக்கீல் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். "இந்தியிலயோ மராத்தியிலயோ பேசினீங்கன்னா குறுக்கு விசாரணையில உங்களைப் பிடிச்சிருவாங்க. உங்க மகளை எந்த மொழியில திட்டுவீங்களோ அதுல சொல்லுங்க."

அன்று கோர்ட்டில், தமிழில் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்டதும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். சாட்சி இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் வசிக்கிறார், போலீஸிடம் இந்தியில் பேசியிருக்கிறார், இப்போது மட்டும் மொழிபெயர்ப்பாளர் எதற்கு, இது இழுத்தடிக்கும் தந்திரம் என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, உங்களுக்கு இந்தி வராதா என்று கேட்டார்.

அவர் மராத்தியில் சொன்ன அந்த 'தந்திரம்' என்ற வார்த்தை தமிழிலும் அதேதான். இந்தியில் சொன்னேன்: "வெண்டைக்காய் வாங்க வரும், ஐயா. சத்தியம் பண்ணிட்டுச் சொல்ல வராது. ஒரு தடவை சொல்லித்தான் இங்க நிக்கறேன்."

மொழிபெயர்ப்பாளருக்காக வழக்கைத் தள்ளி வைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம். கணவர் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் அவரே அந்தத் தேதியைப் பேனாவால் வட்டமிட்டார்.

மொழிபெயர்ப்பாளராக வந்தவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சென்னைக்காரர். அறுபத்தைந்து வயது, நெற்றியில் திருநீறு. தன் இந்தியின் மேல் அவருக்கு மிகுந்த நம்பிக்கை. "கவலையே படாதீங்கோம்மா. நான் லக்னோல இருந்தவன்" என்று வராந்தாவிலேயே சொன்னார்.

கூண்டில் ஏறினேன். கம்பெனி வக்கீல் எஃப்.ஐ.ஆரைக் காட்டினார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"என்னுடையதுதான்."

"படித்துக் காட்டினார்களா?"

"காட்டினார்கள்."

"புரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள்?"

"அந்த நேரத்தில் என் மகளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தாங்க. ஹவில்தார் என் பேரை மாத்திப் படிச்சிருந்தாலும் 'ஹோ'ன்னுதான் சொல்லியிருப்பேன். அவர் பேர்ல தப்பில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. என் பொண்ணு வந்த வழி தப்பில்லை."

இதை அந்தப் பெரியவர் அழகாகத்தான் சொன்னார். லக்னோ தெரிந்தது. அடுத்து, அப்படியானால் அன்று எந்தத் திசையில் வந்தீர்கள் என்று கேள்வி வந்தது.

"புனே பக்கத்து ரோட்டை அடைச்சிருந்தாங்க. ஒரே ரோட்டுல நடுவுல டிரம் வெச்சு ரெண்டு பக்கமும் விட்டிருந்தாங்க. எங்க பாதியில நாங்க வந்தோம். டெம்போ நகர் பக்கம் போச்சு. நாங்க அதுக்கு எதிரே வந்துட்டிருந்தோம்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாலை அடைப்பு வரை சரியாகச் சொன்னார். எதிரே என்ற இடத்தில் ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைத் தேடி அவர் எங்கே போவார் என்பதும் தெரியும்.

"ஔர் ஹம் உல்டா..."

"சார்" என்றேன். "அந்த வார்த்தை வேண்டாம்."

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் மிகவும் மரியாதையாக, "அது கரெக்ட்தாம்மா, எதிர்னா உல்டாதானே" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேனுங்க. அதனாலதான் நீங்க இங்க நிக்கறீங்க." பிறகு நீதிபதியைப் பார்த்து, இரண்டு மாதமாகச் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய மராத்தி வார்த்தையைச் சொன்னேன். "சமோரூன். ஆம்ஹி சமோரூன் யேத் ஹோதோ." நாங்கள் எதிரே வந்துகொண்டிருந்தோம். முன்னாலிருந்து. முகத்துக்கு முகம்.

கம்பெனி வக்கீல், சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை போலிருக்கிறதே என்றார். சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பெரியவரிடம், இவர் தமிழில் சொன்ன சொல்லுக்கு 'சமோரூன்' என்பது சரியான பொருளா என்று கேட்டார். பெரியவர் யோசித்தார். வாய்க்குள் இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தார். "ஆமாம், அதுதான் சரி. நான் சொல்ல வந்தது தவறு" என்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் அப்படி ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும். பிறகு அவரே ஒன்றைச் சேர்த்தார். "தமிழ்க்காரா எல்லாருமே இந்தத் தப்பைத்தான் பண்ணுவா, யுவர் ஆனர். நானே இப்போ பண்ணினேன்." முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பதறிப்போய் இந்தியில் சொன்னார்.

அது பதிவானது. பஞ்சநாமாவின் கடைசி வரியும் பதிவானது. தட்டச்சு செய்த காகிதத்தை என் முன்னால் வைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் பெரியவர் தமிழில் சொன்னார். ஓரிடத்தில் டிரம் என்பது டிரக் என்று விழுந்திருந்தது. திருத்தச் சொன்னேன். உணவு இடைவேளை நேரம் தாண்டிவிட்டது. தட்டச்சுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய டிபன் டப்பா தெரிந்தது. பார்க்கட்டும். என் வீட்டில் ஒருத்தி ஒன்றரை வருடமாக ஊன்றுகோலோடு நடக்கிறாள். அரை மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

திருத்திக்கொண்டு வந்தார்கள். மறுபடி படிக்கச் சொன்னேன். பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

தீர்ப்பு வர இன்னும் ஏழு மாதம் ஆனது. அதற்குள் அந்த அதிகாரி இரண்டு முறை போன் செய்தார். பாதி வேண்டாம், உங்கள் பக்கம் கால் பங்கு தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். இரண்டாவது முறை போனை எடுத்தது என் கணவர். "எங்க பொண்ணு தப்பு கால் பங்கும் இல்ல, அரைக்கால் பங்கும் இல்லீங்க" என்று தமிழிலேயே சொல்லி வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்ததா என்று கேட்டேன். "புரியாட்டி மொழிபெயர்ப்பாளரை வெச்சுக்கட்டும்" என்றார்.

கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. கம்பெனி மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் எச்சரித்திருக்கிறார். செய்யட்டும். இன்னொரு முறை கூண்டில் ஏற்றினாலும் ஏறுவேன். வக்கீல் போனில் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கியதும், மற்றதெல்லாம் அப்புறம், அந்த வரியை மட்டும் படியுங்கள் என்றேன். தேடிப் படித்தார். காரை ஓட்டியவர் தனக்குரிய பாதையில், சரியான பக்கத்தில் வந்தார். விபத்துக்கு முழுப் பொறுப்பு டெம்போ ஓட்டுநருடையது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் கேட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லும்மா" என்றாள்.

ஓட்டலில் இப்போது அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. வரவேற்பு மேஜையில் அவளால் நாள் முழுக்க நிற்க முடியாது. அதை எந்தத் தீர்ப்பும் திருத்தவில்லை. எனக்கு இன்னும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால்கூட வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அழுத்தட்டும்.

போன மாதம் மறுபடி கார் எடுத்தாள். முதல் நாள் என்னைத்தான் கூட உட்காரச் சொன்னாள். விமான் நகர் வரை போய்த் திரும்பினோம். இருட்டுவதற்குள் தேஹு ரோடு வந்துவிட்டோம். உடைந்த டிவைடரில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் வழக்கம்போல் நுழைந்துகொண்டிருந்தன. அவள் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"என்னம்மா, நூறடிதான?"

"வாயை மூடிட்டு நேரா ஓட்டு அம்மிணி" என்றேன்.

யூ-டர்னுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.